எழுந்து நிற்கக் கற்பிக்கும் நூல்

ஒரு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். பாதங்களை முழங்காலுக்கு முன்னால் நீட்டி வையுங்கள். இப்போது கையை ஊன்றாமல், முன்னே குனியாமல், மெல்ல எழுந்திருக்கப் பாருங்கள். முடியாது. ஈர்ப்பு மையம் பாதங்களுக்குப் பின்னால் இருக்கும்வரை எவ்வளவு வலிமையான காலும் உங்களைத் தூக்கி நிறுத்தாது. பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்தால் சிரமமின்றி எழுந்துவிடுவீர்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு இதையே மறுபடியும் கற்பிக்க வேண்டியிருக்கிறது. 'எ மோட்டார் ரீலேர்னிங் புரோகிராம் ஃபார் ஸ்ட்ரோக்' என்னும் ஆங்கில நூல் பௌதிக ஆசிரியனாகிய எனக்குப் பிடித்துப்போனதும் இதனால்தான். சிட்னியில் பிசியோதெரபி கற்பித்துவந்த ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் ஆகிய இருவரும் 1982இல் இதை எழுதினர்.

அதற்கு முன் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது லண்டனில் பணியாற்றிய பெர்ட்டா போபாத்தின் முறை. அவரது நூல் 1970இல் வெளிவந்தது. தசை விறைப்பை அடக்கி, சிகிச்சையாளர் தம் கைகளால் நோயாளியின் உடலை வழிநடத்தினால் இயல்பான அசைவு திரும்பும் என்பது அதன் அடிப்படை. பின்னாளில் அம்முறை பலவாறு மாறியது. போபாத்தின் கூரிய பார்வையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் 'இயல்பான அசைவு' என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? அனுபவசாலியின் கைக்குத் தெரியும் என்றால், அந்தக் கையை மாணவன் யாரிடம் கடன் வாங்குவான்?

காரும் ஷெப்பர்டும் அன்றாடச் செயல்களை ஏழு பகுதிகளாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொன்றிலும் நான்கு படிகள்: செயலை ஆராய்தல், விடுபட்ட கூறுகளைப் பயிலுதல், முழுச் செயலையும் பயிலுதல், கற்றதை அன்றாட வாழ்வுக்குக் கொண்டுசெல்லுதல். எழுந்து நிற்றலையே எடுத்துக்கொள்வோம். பாதம் பின்னே இருந்ததா, உடல் போதிய அளவு முன்னே வந்ததா, எடை நல்ல கால் மீதே சாய்ந்துவிட்டதா என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். இருக்கையைச் சற்று உயர்த்தினால் முழங்காலில் தேவைப்படும் திருப்புத்திறன் குறையும்; பலவீனமான காலும் பயிற்சியைத் தொடங்கிவிடும். நான்காம் படிதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. சிகிச்சையாளர் உடனிருப்பது நாளில் சிறிது நேரமே. எஞ்சிய நேரத்தில் நோயாளியை வீட்டார் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டால் கற்றதெல்லாம் வீண்.

நூலில் குறைகளும் உண்டு. அசைக்கவே முடியாதபடி தளர்ந்த கை உடையவருக்கு இது தருவது சொற்பம். சொல்லும் உறுதிக்கு ஏற்ற நேரடிச் சான்றும் அப்போது இல்லை. நார்வேயில் 61 நோயாளிகளைக் கொண்டு இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2000இல்தான் வெளியாயிற்று. இம்முறையில் பயின்றவர்கள் மருத்துவமனையில் சராசரியாக 21 நாள் இருந்தனர். போபாத் முறையில் பயின்றவர்கள் 34 நாள். வெற்றி என்று துள்ள வேண்டாம். நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர்கள் பார்த்தபோது இரு குழுவினரிடையே வேறுபாடு நிலைக்கவில்லை!

நம் நாட்டில் பிசியோதெரபி முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டு. நரம்பியல் அதில் ஒரு சிறப்புப் பிரிவு. இவ்விரு முறைகளையும் அங்கே கட்சிகளைப்போல் கற்பித்தால், இழப்பு மாணவனுக்கன்று, நாள்களை எண்ணிக் கட்டிலில் கிடப்பவருக்கு. இன்ன உயர இருக்கையிலிருந்து, இத்தனை விநாடியில், எத்தனை முறை எழுந்தார் என்று குறித்துவைக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஓர் அளவுநாடாவும் கைக்கடிகாரமும் போதும்.

நூலகத்தில் இந்நூல் கிடைத்தால், எழுந்து நிற்றல் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். படங்களே பாதியைச் சொல்லிவிடும்.