பேலியோல் மீண்டும் பறக்க வேண்டுமா?

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது இம்பால் முற்றுகைக்குள் கிடந்தது. அங்கே அகப்பட்ட படைக்கு உணவும் தோட்டாவும் கொண்டுபோனவை பெரும்பாலும் டக்கோட்டா விமானங்கள். ஆகவே 2018 ஏப்ரலில், புதுப்பிக்கப்பட்ட டக்கோட்டா ஒன்று இங்கிலாந்தின் கொவென்ட்ரியிலிருந்து தானே பறந்து டில்லிக்கு அருகிலுள்ள ஹிண்டன் தளத்தில் இறங்கியபோது, கண்டிக்காரனான எனக்கு அது தூரத்துச் செய்தியாகப் படவில்லை. அயர்லாந்தில் குப்பையாகக் கிடந்ததை, அன்றைய இந்திய நாடாளுமன்ற உறுப்பினர் ராஜீவ் சந்திரசேகர் வாங்கிப் புதுப்பித்து இந்திய விமானப்படைக்கு அளித்தார். அவருடைய தந்தை டக்கோட்டா ஓட்டியவர்.

அப்படியானால், இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் பொல்டன் போல் பேலியோலையும் பறக்கவைத்தால் என்ன? ஆசையாகக் கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அதை ஆசையால் தீர்க்கக் கூடாது.

பேலியோல் வல்வர்ஹாம்ப்டனில் பிறந்த பயிற்சி விமானம். எல்லாமாக இருநூற்றுச் சொச்சமே கட்டப்பட்டன. பிரிட்டனுக்கு வெளியே அதை வாங்கிய நாடு இலங்கைதான். 1950களில் 12 பேலியோல்கள் வந்து, சிப்மங்க் பயிற்சி விமானத்தில் முதற்பாடம் கற்ற ரோயல் சிலோன் விமானப்படை இளைஞருக்கு அடுத்த பாடம் சொல்லித்தந்தன. இன்று உலகில் எங்கும் ஒரு பேலியோல்கூடப் பறப்பதில்லை. அதன் அருமையும் அதன் சிக்கலும் இதே உண்மைக்குள்தான் இருக்கின்றன.

பறக்கவைக்கலாம் என்போர் கையில் வலுவான சான்று ஒன்று உண்டு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது சீனன்குடாவில் நெடுநாள் மூடிவைத்திருந்த ஜெட் புரொவொஸ்ட்களை நம் தொழில்நுட்பவியலாளர்களே சில நாட்களுக்குள் வானேற்றினார்கள். கைத்திறன் நம்மிடம் இல்லை என்ற பேச்சுக்கு இதைவிடச் சரியான மறுப்பு வேண்டாம். ஆனால் அன்று அந்த ஜெட்டுகளின் வயது பன்னிரண்டு வருடமளவு. அதே ரகத்தை ஓட்டிய விமானிகள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். ஒரு பாகம் உடைந்தால் எழுதிக் கேட்கத் தயாரிப்பாளரும் இருந்தார். பேலியோலுக்கு இந்த மூன்றும் இல்லை.

எஞ்சின்தான் பெரிய தடை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேலியோலில் இருப்பது ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் 35. மெர்லின் குடும்பத்தில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் எஞ்சின்கள் உற்பத்தியாயின. ஸ்பிட்பயர்களின் புண்ணியத்தில் அதைக் கழற்றிப் பூட்டும் பட்டறைகள் இன்றும் தொழில் செய்கின்றன. பணம் இருந்தால் மெர்லின் உறுமும். தடை உடலில் இருக்கிறது. இறக்கையின் முதுகுச் சட்டம், சக்கரக் கால்கள், ஹைட்ரோலிக் உருளைகள் ஆகியவை பேலியோலுக்கென்றே செய்யப்பட்டவை. டக்கோட்டா குடும்பம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டது, உதிரிப்பாகம் உலகெங்கும் கிடைக்கும். பேலியோலுக்கோ ஒவ்வொன்றையும் வரைபடம் பார்த்துப் புதிதாக வார்க்க வேண்டும். இரத்மலானைக் கடற்காற்றின் உப்பு, ரிவெட் அடித்த தகடுகளின் இடுக்குக்குள் புகுந்து என்ன செய்திருக்கிறது என்பதைப் பெயின்ட்டின் மேல் பார்த்துச் சொல்ல முடியாது. தகட்டைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

பிரித்துப் புதிதாகக் கட்டினால் பறப்பது எது? நியூசிலாந்தில் 2012இல் மொஸ்கிட்டோ போர்விமானம் ஒன்று மீண்டும் பறந்தது. அதன் மர உடலும் இறக்கையும் புதிதாகச் செய்யப்பட்டவை. மொஸ்கிட்டோவுக்கு அது சரி, பழையதாகவே நிற்கும் வேறு மொஸ்கிட்டோக்கள் உண்டு. நம் பேலியோலில் அதைச் செய்தால், நம் முதல் தலைமுறை விமானிகள் உட்கார்ந்து பறந்த உலோகம் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

அடுத்தது, பறக்கத் தகுதியானது என்று யார் கையெழுத்திடுவது? வல்கன் குண்டுவீச்சு விமானம் 2007இல் மீண்டும் பறந்தது, மக்கள் பணமும் திரண்டது. ஆனாலும் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்ற நிறுவனங்கள் விலகிக்கொண்டதால் 2015இல் தரையிறங்கியது. ரோல்ஸ் ரொய்ஸ் இருந்த இடத்திலேயே அந்த நிலை. பேலியோலைக் கட்டிய பொல்டன் போல் நிறுவனமோ 1961இலேயே டௌட்டி நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

உயிர்க்கணக்கும் இருக்கிறது. 1996 ஜூலை 21 அன்று மான்செஸ்டர் அருகே பார்ட்டனில், அப்போது உலகில் பறந்துகொண்டிருந்த ஒரே மொஸ்கிட்டோ கண்காட்சியின் நடுவே விழுந்தது. இருவர் இறந்தனர். விமானமும் போனது. இனி நம் ஊரைப் பாருங்கள். பெரஹரா நாளில் தலதா மாளிகைக்கு மேலே பேலியோல் பறக்க வேண்டுமென்று நானும் கனவு காண்பேன். ஒரு பக்கம் ஹந்தானை, மறுபக்கம் நக்கிள்ஸ், நடுவில் நெருக்கமான வீடுகள். ஒற்றை எஞ்சின் நின்றால் இறங்க ஓடுபாதையே இல்லாத பள்ளத்தாக்கு இது.

ஆகவே என் தீர்ப்பு: பேலியோலைப் பறக்கவைக்கக் கூடாது. பணமில்லை என்பதால் மட்டுமல்ல. பணம் கிடைத்தாலும் கூடாது. பறக்கவைக்க வேண்டியது சிப்மங்கை. உலகில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் கட்டப்பட்டு, இன்றும் நூற்றுக்கணக்கில் பறக்கும் ரகம் அது. எஞ்சின் எளியது, கற்றுத்தர விமானிகள் கிடைப்பார்கள், வெளிநாட்டில் பறக்கும் நிலையிலேயே ஒன்றை வாங்கவும் முடியும். நம் விமானப்படை தொடங்கியதும் அதில்தான்.

பேலியோலுக்குச் செய்ய வேண்டியது வேறு. உப்புக்காற்று புகாத, ஈரப்பதம் கட்டுப்படுத்திய கூடம் முதலில் வேண்டும். பிறகு பேராதனைப் பொறியியல் பீடத்தை அழைத்து, உலோகத்தின் விரிசலையும் அரிப்பையும் அங்குலம் அங்குலமாகப் பதியச் சொல்லலாம். அந்த அளவுகளோடு முழு வரைபடத் தொகுதியும் உருவாகிவிட்டால், ஒரு பேலியோலைப் புதிதாகக் கட்ட விரும்புகிறவர் உலகில் எவரானாலும் இரத்மலானையிடம்தான் கேட்டு வர வேண்டியிருக்கும்.