இதயக்குறி மெய்ப்பாடாகுமா?

கைப்பேசிச் செய்திகளில் இற்றை நாள் இளைஞர் இடும் சிவப்பு இதயக்குறியை 'உணர்ச்சிக்குறி' என்று தமிழில் வழங்குவோர் பலர். இம்மொழிபெயர்ப்புச் சொல்லளவில் நின்றிருந்தால் கேடில்லை. அதனை நம்பிப் பொருள் கொள்ளவும் தொடங்கிவிட்டனர். மாணவி ஒருத்தி ஆசிரியர்க்கு நன்றி கூறி இட்ட குறியும், அவள் பரிசு பெற்ற செய்திக்கு உடன் பயிலும் மாணவன் இட்ட குறியும் காதற்கடிதம் போல் ஆராயப்படுகின்றன. கைப்பேசி பறிக்கப்படுகிறது, சில வீடுகளில் படிப்புக்கே இடையூறு நேர்கிறது. ஆதலின் இக்குறியின் இயல்பைத் தமிழாசிரியர்கள் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

முதலிற் பெயர். 'எமோஜி' ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. உணர்ச்சியைக் குறிக்கும் 'எமோஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. படவெழுத்து என்பதே நேர்பொருள். 1999ஆம் ஆண்டில் டொகோமோ நிறுவனத்துக்காக ஷிகெதாகா குரித்தா வகுத்த 176 படங்களில் வெயில், மழை, வண்டி ஆகியவற்றோடு இதயமும் இடம்பெற்றது. வண்டியை உணர்ச்சி என்பார் உண்டோ? இன்று நாம் இடும் சிவப்பு இதயம் யூனிகோடு அட்டவணையில் 1993ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே உள்ளது. ஆங்கு அதன் பெயர் 'கனத்த கருப்பு இதயம்'. அச்சுத் துறையில் உள் நிரம்பிய வடிவைக் கருப்பு என்பது மரபு. உண்மையிலேயே கருநிறம் கொண்ட இதயம் 2016இல்தான் வந்தது. பெயரைக் கொண்டு பொருள் துணிதல் எத்துணை இடர் என்பதற்கு இஃதொன்றே சாலும்.

இனி மெய்ப்பாட்டுக்கு வருவோம். தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு உள்ளத்து நிகழ்வது உடலில் தானே புலப்படுவது. கண்ணீரும் வியர்வும் மயிர்சிலிர்ப்பும் எவரும் வேண்டி வரவழைப்பன அல்ல. இதயக்குறியோ விரல் தேர்ந்து இடுவது. சினத்தோடு இருப்பவரும் இடலாம். எனவே அது மெய்ப்பாடு ஆகாது என்பது ஒருதலை. ஒருவாறு மெய்ப்பாடென்றே கொள்ளினும் வாதம் நில்லாது. உவகை தோன்றும் நிலைக்களன்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு. காதலுக்குரியது அவற்றுள் ஒன்றே. மாணவர் தம்முள் இடும் குறிகளிற் பெரும்பாலன விளையாட்டின்பாற்படும். நம் பெற்றோர் புணர்வு ஒன்றையே காண்கின்றனர்.

வடிவமும் நமக்குப் புதிதன்று. சீட்டாடுவோர் அதனை 'ஆட்டின்' என்று அழைத்து வந்தனர், எவரும் நாணவில்லை. அதனினும் பழையது வெற்றிலை. பினாங்கு என்னும் பெயரே பாக்கு என்னும் பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. பெண் கேட்டலை மலாய் மக்கள் அச்சொல்லடியாகவே 'மெமினாங்' என்பர். நம்மவரும் தாம்பூலம் மாற்றியே திருமணம் உறுதி செய்கின்றனர். எனினும் காதணி விழாவில் வெற்றிலை பெற்றுத் திரும்பும் விருந்தினரைக் கண்டு எவரும் சம்பந்தம் முடிந்ததெனக் கருதுவதில்லை. இலை ஒன்றே; தருவார், பெறுவார், இடம் ஆகியவையே அதற்குப் பொருள் தருகின்றன.

அன்பின் இருப்பிடமும் மொழிதோறும் வேறுபடும். மலாயில் அன்பும் வருத்தமும் தங்குமிடம் 'ஹாத்தி'. உடலுறுப்பாக நோக்கின் அச்சொல் ஈரலைக் குறிக்கும். குருதி இறைக்கும் இதயத்துக்கு 'ஜந்தோங்' என்று வேறு சொல் உண்டு. தமிழில் நெஞ்சு என்பது அன்புக்கு மட்டுமா உரியது? நெஞ்சுரம் துணிவு, நெஞ்சழுத்தம் பிடிவாதம். பிள்ளை நலமாக வந்து சேர்ந்த செய்தி கேட்ட தாய்க்குப் பால் வார்க்கப்படுவதோ வயிற்றில்!

அங்ஙனமாயின் இக்குறியை எவ்வாறு படிப்பது? செய்யுளியலில் மெய்ப்பாட்டுக்கு அணித்தாகவே 'முன்னம்' என்றோர் உறுப்பு எண்ணப்பட்டுள்ளது. இவ்விடத்து, இக்காலத்து, இன்னார் இன்னாரிடம் சொல்லத் தக்கது இது என்று கூற்றின் குறிப்பால் உணர்வது அது. இதயக்குறிக்குப் பொருந்துவது இவ்வுறுப்பே. 1972இல் தடையற்ற வாணிகத் தொழிற்பேட்டை அமைந்த பாயான் லெப்பாசில், ஷிப்டு மாற்றம் பற்றிய செய்திக்குக் கீழே தொழிலாளர் இடும் இதயத்துக்குக் 'கண்டுகொண்டேன்' என்பதற்கு மேல் பொருளில்லை. அதே குறியை இறப்புச் செய்திக்கு இட்டால், இரங்கலாகக் கொள்வாரும் உளர். எள்ளலாகக் கொண்டு வருந்துவாரும் உளர். 2020இல், பெருந்தொற்றுக் காலத்தே, இதயத்தை அணைத்து நிற்கும் முகம் ஒன்றை முகநூல் புதிதாகச் சேர்த்தது; வெறும் இதயம் அவ்விடத்துக்குப் போதவில்லை போலும்.

குறியெல்லாம் மாசற்றவை என்பதன்று இதனால் பெறப்படுவது. வகுப்புக் குழுவில் பகலில் எல்லாரும் காண ஒரு மாணவன் இடும் இதயம் வேறு. வயதில் முதிர்ந்த ஒருவர், தம் பொறுப்பில் உள்ள சிறுமிக்கு, நள்ளிரவில், தனிச்செய்தியில் நாள்தோறும் இடும் இதயம் வேறு. நிறம் இரண்டிலும் சிவப்பே. முன்னதற்குக் கைப்பேசியைப் பறிப்போர், பின்னதை 'வெறும் குறிதானே' என்று தள்ளிவிடுவதும் உண்டு.