நாடா தொடும் புதர்கள்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிச்சரிவில் விராலியும் காரையும் சூரையும் மண்டிய புதர்க்காடு. அதை அளக்க ஓர் அளவுநாடா போதும் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். 30 மீட்டர் நாடாவை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு புதரின் தழையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிப்பார்கள். தழை மூடிய நீளம் 12 மீட்டர் என்றால் செடிப்போர்வை 40 சதவீதம். 1941இல் கேன்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் விவரித்த முறை இது. எவ்வளவு எளிமை, எவ்வளவு நேர்மை! சூரைமுள் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் கோட்டை விட்டு விலகக் கூடாது. வசதியான இடமாகப் பார்த்து நாடா போட்டால் கணக்கே பொய்.

செடியை அடையாளம் காண, திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் கே.எம்.மேத்யூ 1980களில் தந்த தாவர நூல்கள் துணை.

விளைச்சலை அறிய, சிறு சதுரத்துக்குள் அந்த ஆண்டின் தளிரை மட்டும் கத்தரித்து, ஓவனில் உலர்த்தி எடைபோடுவார்கள். ஆடு மேய்ந்தது விடுபடாமலிருக்கச் சில சதுரங்களுக்கு வேலி போடுவார்கள். உண்ணிச்செடியை மட்டும் தனியாக எழுத வேண்டும். அதுவும் பச்சைதான், ஆனால் இந்த மலையின் பச்சை அல்ல.