ஈழப் போர்க்காலக் கவிதையில் வீடும் குடும்பமும்

போரைக் களத்திலிருந்து பார்க்காமல் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும் கவிதை ஈழத் தமிழில் 1980களில் வலுப்பெற்றது. எம்.ஏ. நுஃமானின் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வெளிவந்திருந்தது. தாயகம் இழந்தவரின் துயரைத் தாய் சுட்ட ரொட்டி, அவள் போட்ட காப்பி வழியாகவே சொல்லிவிடலாம் என்பதை பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் சிறையிலிருந்து எழுதிக் காட்டியிருந்தார். தமிழர்கள் மீதான 1983 ஜூலை வன்முறைக்குப் பின் ஈழக் கவிஞர்களுக்கு அந்த வழி அயலானதாக இல்லை. 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பும், 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பும் வந்தன. இரண்டாவது தொகுப்பில் எழுதியவர்கள் அனைவரும் பெண்கள். போர் அடுக்களைக்குள்ளும் தொட்டிலருகிலும் என்ன செய்கிறது என்பது அவர்கள் வழியாகவே கவிதைக்குள் உறுதியாக நுழைந்தது.

இதற்குத் தமிழில் பழைய வேர் உண்டு. பறம்பையும் தந்தையையும் இழந்த பாரி மகளிரின் பாடல் (புறநானூறு 112) போரில் தோற்ற ஒரு குடும்பத்தின் குரல். அப்பெண்களை அழைத்துக்கொண்டு அலைந்த கபிலரின் நினைவைத் தென்பெண்ணை ஆற்றில் திருக்கோவிலூர்க் கபிலர் குன்று இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் அதே புறநானூற்றில், தந்தையையும் கணவனையும் போருக்குக் கொடுத்தவள், மிஞ்சிய ஒரே மகனுக்கும் தலையில் எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள் (279). ஒக்கூர் மாசாத்தியார் பாடிய இந்த மறத்தாய் உருவத்தை ஈழப் பெண் கவிஞர்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள். அவர்களுள் ஒருவரான ஔவையின் கவிதையொன்றில் போராளியாகி வீடு திரும்பும் மகனைப் பார்த்துத் தாய் பெருமைப்படவில்லை. அவனுக்குள் தன் பிள்ளையைத் தேடித் தவிக்கிறாள். இயக்கங்கள் மறத்தாயைக் கொண்டாடிய காலத்தில் இதை எழுதத் துணிவு வேண்டும்.

சிவரமணியின் ‘யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்’ இவ்வகைக் கவிதையின் உச்சம். அதில் சிறுவர்கள் தும்பியின் இறக்கையைப் பிய்க்கிறார்கள். தடியைத் துப்பாக்கியாக்கி நண்பனையே எதிரியாக நினைத்துச் சுட்டு விளையாடுகிறார்கள். போர்ச் சத்தத்தில் வளரும் பிள்ளையின் கை என்ன பழகுகிறது என்று எழுதியதே அதன் வலு. இப்படிப்பட்ட கவனம் முழக்கத்துக்கு வாய்க்காது. 1991இல் தற்கொலைக்கு முன் தம் கவிதைகளை அவர் எரித்தார். நண்பர்களிடம் இருந்தவையே எஞ்சின; தமிழுக்கு இது பேரிழப்பு.

இவ்வகைக் கவிதையின் குறைகளும் சிறியவை அல்ல. மிகப் பெரிய குறை, தாயை மண்ணாக்கிவிடுவது. தாய் மண்ணாக மாறியதும் அவளுக்குப் பசி, கோபம், அயலவளோடு சண்டை, மகன் மீது மனக்கசப்பு எதுவும் இருக்க முடிவதில்லை. குருதி, சாம்பல், கல்லறை என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்போது ஒரு வீட்டின் இழப்புக்கும் இன்னொரு வீட்டின் இழப்புக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. தீபச்செல்வனின் ‘பதுங்குகுழியில் பிறந்த குழந்தை’ (2008) போன்ற தொகுப்புகள் போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டவை. அந்த அவசரத்தைக் குறை சொல்வது நியாயமல்ல. அவசரமே இல்லாதவர்கள் தொலைவிலிருந்து அதே சொற்களை எடுத்து அடுக்குவதுதான் பிழை.

யாருடைய வீடு என்ற கேள்வியும் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் குடும்பங்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வ.ஐ.ச. ஜெயபாலன் போன்ற சிலர் குரல் கொடுத்தார்கள். ஆனாலும் தம் இடப்பெயர்வைப் பாடிய அளவுக்குத் தமிழ்க் கவிஞர்கள் அந்த இடப்பெயர்வைப் பாடவில்லை. சோலைக்கிளி, அனார், பஹீமா ஜஹான் ஆகிய முஸ்லிம் கவிஞர்களையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் போர்க்கால வீடு முழுமையாகத் தெரிகிறது. அ. மங்கை 2007இல் தொகுத்த ‘பெயல் மணக்கும் பொழுது’ ஈழப் பெண்களின் கவிதைகளைத் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரே நூலில் தந்தது.

தமிழ்நாட்டில், 2009இல் போர் முடிந்த பின், இக்கவிதைகள் மேடைகளில் அதிகம் ஒலித்தன. மேடைக்கு முழக்கம் பொருந்தும், அடுக்களை பொருந்தாது. எனவே மறத்தாய் வரிகள் பரவிய அளவுக்கு ஔவையின் தாய் பரவவில்லை. இன்னொரு இடைவெளி தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாமில் ஈழத்துக் குடும்பங்கள் பல்லாண்டுகளாக வாழ்கின்றன. பங்கருக்குள் கழிந்த இரவு கவிதையாகிவிட்டது. நெருக்கமான முகாம் வீடு, மாதாந்தப் பணக்கொடை, பதிவுச் சரிபார்ப்பு, குடியுரிமையில்லாமல் இங்கேயே பிறந்து படித்த பிள்ளையின் வேலைத் தேடல் ஆகியவை பெயர்பெற்ற ஈழத் தொகுப்புகளில் அரிதாகவே காணக் கிடைக்கின்றன. போரிலிருந்து தப்பிய குடும்பத்தின் கதையில் பாதி இந்தப் பக்கம்தான் நடக்கிறது.