உரிமை பேசும் சிற்றுரைகள்

சமூக நீதி பற்றிச் சுருங்கப் பேசுவது எளிதன்று. ஒரு மணி நேரம் பேசுவோர்க்கு இடையில் வழுக்கினாலும் எழுந்து நிற்க வாய்ப்புண்டு. பத்து நிமிடம் பேசுவோர்க்கு அஃதில்லை. கேலாங்கில் ஆயினும் தேக்காவில் ஆயினும், தமிழ் மேடையில் அப்பத்து நிமிடத்துள் பெரும்பகுதி தலைவரை விளிப்பதிலும் இனத்தின் பழம்பெருமை பாடுவதிலும் கழிந்துவிடுகிறது. மணி அடித்த பின்னரே உரிமை நினைவுக்கு வருகிறது.

பழங்குடியினர் உரிமை குறித்த சிற்றுரைகளுள் தலையாய ஒன்று, 1946 டிசம்பர் 19ஆம் நாள் இந்திய அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் ஆற்றியது. அவர் முண்டா குடியிற் பிறந்தவர். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கிக் குழுவின் தலைவர். நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின்மீது பேச எழுந்தவர், காட்டான் என்னும் இகழ்ச்சிப் பெயரைத் தாமே பெருமையோடு ஏற்றுக்கொண்டார். அவையில் இருந்தோரிற் பெரும்பாலோர் பின்வந்தோர் என்றார். தம் மக்கள் சிந்துவெளியிலிருந்து காட்டுக்குத் துரத்தப்பட்டோர் என்றார். அவையில் ஆடவரே மிகுதி, பழங்குடிப் பெண்கள் வேண்டும் என்றும் கேட்டார். இத்தனையும் கூறிவிட்டுத் தீர்மானத்தை ஆதரித்தார்! கேட்போரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, தீர்ப்பெழுதும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுத்த திறம் போற்றத்தக்கது.

எனினும் ஒரு குறை உண்டு. சிந்துவெளி மக்கள் பேசிய மொழி யாது என்பது இன்றும் ஐயமற முடிவாகவில்லை. உரிமையைத் தொன்மையின்மேல் நிறுத்தினால், தொன்மை ஆட்டங்காணும்போது உரிமையும் உடன் ஆடும். வரலாற்று ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளும்வரை ஏழை காத்திருக்க வேண்டுமா?

சென்னைச் சட்டசபையில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம் வேறு வகையது. எவ்வகுப்பினரும் பொதுச் சாலையில் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கலாம், அரசு அலுவலகத்துள் நுழையலாம் என்பது அதன் சாரம். அதில் சிந்துவெளி இல்லை. தெரு இருக்கிறது, கிணறு இருக்கிறது. மறுநாள் காலையிலேயே நடந்து பார்த்துச் சோதித்துவிடலாம். மாணவர்க்குப் பேச்சுப் பழக்கும் ஆசிரியர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுதல் நன்று.

கேலாங்கில் நின்று பேசுவோர்க்கு இவ்வேறுபாடு இன்னும் நெருக்கமானது. 1819இல் ஆங்கிலேயர் வந்தபோது, அண்டையிலுள்ள காலாங் ஆற்றுமுகத்தில் ஓராங் காலாங் என்னும் கடல் மக்கள் படகிலேயே குடும்பம் நடத்தினர். சில ஆண்டுகளில் அவர்கள் ஜொகூரின் பூலாய் ஆற்றுக்குப் பெயர்க்கப்பட்டனர். 1847இல் பெரியம்மை அவர்களுட் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. சிங்கப்பூர் ஆற்றுமுகத்து மலாய்க் குடியிருப்பு 1840களில் கலைக்கப்பட, அங்கிருந்தோர் கேலாங்கிற்கு வந்தனர். (கேலாங் சிராய் என்பதிலுள்ள சிராய், முன்பு அங்கே பயிரிட்ட எலுமிச்சைப் புல்தான்.)

சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாய்க்காரரைத் தீவின் பூர்வகுடிகள் என்று கூறி, அவர்தம் தனிநிலையை அரசு ஏற்க வேண்டுமென்கிறது. 153ஏ பிரிவு தமிழையும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்குகிறது. தமிழின் ஈராயிரம் ஆண்டு வயது இதற்குக் காரணமன்று. வந்து உழைத்துத் தங்கிய மக்களின் மொழி என்பதே காரணம். ஆகவே இங்குப் பழம்பெருமையை உரிமைச் சீட்டாக நீட்டும் தமிழ்ப் பேச்சாளர் தம் வழக்கையே தளர்த்திக்கொள்கிறார்; மண்ணின் மூத்தோரையும் மறந்துவிடுகிறார்.

முன்பு சிங்கப்பூரின் வடகரையில் படகோட்டித் திரிந்த ஓராங் சிலேத்தார் இன்று ஜொகூர்க் கரையில் வாழ்கின்றனர். மலேசியாவில் அவர்கள் ஓராங் அஸ்லியருள் எண்ணப்படுகின்றனர். நீரிணைக்கு இப்பால் உள்ள தமிழ் மேடைகளில் அவர்கள் பெயர் அரிதாகவே கேட்கிறது.