வெளுத்த வயல்கள்: அகச்சிவப்பு நிலக்காட்சிப் படங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

திருச்சிக்கும் தஞ்சைக்கும் இடைப்பட்ட இருப்புப் பாதையில், கல்லணைக்குக் கிழக்கே அமைந்த ஊர் பூதலூர். காவிரி பல கிளைகளாகப் பிரிந்து சமவெளியில் பரவத் தொடங்கும் தலைப்பகுதி இது. குறுவைப் பயிர் தூர் கட்டி நிற்கும் ஆடி மாத நண்பகலில் இவ்வயல்களை அகச்சிவப்பு ஒளியில் பதிவு செய்தால், நம் கண்ணுக்குப் பழக்கமற்ற காட்சியொன்று கிடைக்கிறது. பயிர் வெண்மையாகிறது, வானம் கருக்கிறது, வாய்க்கால் நீர் மையைப் போல் தோன்றுகிறது. டிஜிட்டல் கேமரா பரவலான பின்னர் இத்தகைய படங்கள் பெருகிவிட்டன. அவற்றைக் காண்போர் பெரும்பாலும் கூறும் பாராட்டு, ‘பனி பெய்தது போலிருக்கிறது’ என்பதே. இப்பாராட்டே இக்கலையின் குறையைச் சுட்டுகிறது என்பது நமது கருத்து.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைந்துவிடல் நன்று. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தால் பிரிந்த சூரிய ஒளியின் சிவப்பு விளிம்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து அகச்சிவப்பைக் கண்டறிந்தார். அதனால் அகச்சிவப்புப் படம் என்றாலே வெப்பத்தைக் காட்டும் படம் எனப் பலர் எண்ணுகின்றனர். நாம் இங்குப் பேசுவது வெப்பத்தைப் பற்றியன்று. ஏறத்தாழ 700 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள, சூரியனிடமிருந்து வந்து பொருள்களில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பற்றியே பேசுகிறோம். இலையின் வெண்மைக்குக் காரணம் பச்சையம் அன்று. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உட்கொள்கிறது, இவ்வொளியை உட்கொள்வதில்லை. இலையின் உள்ளே செல்சுவர்களும் காற்றிடைவெளிகளும் சந்திக்கும் எண்ணற்ற பரப்புகளில் அது சிதறித் திரும்புகிறது. நீரோ அதனை விழுங்கிவிடுகிறது. ஆகவே இப்படத்தில் வெண்மை என்பது செழித்த தாவரத்தின் அடையாளம். கருமை என்பது நீரின் அடையாளம்.

அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910இல் வெளியிட்ட படங்களிலேயே இந்த வெள்ளை மரங்களும் கரிய வானமும் இடம்பெற்றன. அன்று தனி ஃபிலிம் தேவைப்பட்டது. இன்றைய கேமராவின் சிலிக்கான் உணரியோ இயல்பாகவே அகச்சிவப்பை உணரக்கூடியது. அதைத் தடுக்கும் பொருட்டே உணரியின் முன் ஒரு வடிகட்டி பொருத்தப்படுகிறது. அவ்வடிகட்டியை அகற்றிக் கேமராவை மாற்றியமைப்பது ஒரு வழி. அதனை அகற்றாமல், 720 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியை மறைக்கும் கண்ணாடியை லென்ஸின் முன் பொருத்துவது மற்றொரு வழி. இரண்டாம் வழியில் ஒரு படத்திற்குப் பல நொடிகள் ஆகலாம், முக்காலி இன்றியமையாதது, காற்றில் அசையும் நெற்பயிர் அதற்குள் கலங்கிவிடும். ஆற்றுப்படுகைக் காற்றை அறிந்தோர் முதல் வழியையே நாடுவர்.

எடுப்பதை விடத் திருத்துவதிலேயே சிக்கல் மிகுதி. கேமரா தரும் மூலப்படம் முழுவதும் செந்நிறமாக இருக்கும். இலையை நடுநிலையாகக் கொண்டு வெள்ளைச் சமன் செய்து, பின்னர் மென்பொருளில் சிவப்புத் தடத்தையும் நீலத் தடத்தையும் இடம் மாற்றினால் வானம் நீலமாகவும் பயிர் வெண்மையாகவும் அமையும். இதுவரை குற்றமில்லை. அதன்பின் பெரும்பாலோர் செய்வதென்ன? வானம் முற்றிலும் கருக்கும்வரை, பயிர் முற்றிலும் வெளுக்கும்வரை ஒளிமாறுபாட்டைக் கூட்டுகின்றனர். அப்போது அழிவது யாது என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்றங்காலின் அடர்ந்த வெண்மை ஒருவகை. நடவு முடிந்து நீர் தேங்கிய வயலில் கரிய பரப்பின்மேல் புள்ளிபுள்ளியாகத் தெரியும் வெண்மை வேறுவகை. முற்றிப் பழுத்த பயிரின் மங்கிய சாம்பல் இன்னொரு வகை. இம்மூன்றும் ஒரே வெள்ளைப் பூச்சில் மறைந்துபோகின்றன. படம் கவர்ச்சி பெறுகிறது. வயல் தன் பருவத்தை இழக்கிறது.

இதன் விளைவை நாம் பூதலூர் அருகிலேயே கண்டோம். கேமராவின் திரையில் படத்தைப் பார்த்த முதிய விவசாயி ஒருவர், “என்ன பாய், எல்லாம் வெண்கதிராப் போச்சா?” என்று கேட்டார். தண்டு துளைப்பான் தாக்கிய பயிரில் மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும் கதிரையே இம்மக்கள் வெண்கதிர் என்கின்றனர். நகரத்தார் பனியைக் கண்ட இடத்தில் அவர் நட்டத்தைக் கண்டார். படம் சொல்ல வேண்டியதோ இரண்டுமன்று. பயிர் நலமாயிருக்கிறது என்பதே அது.

இத்தகைய பிழை எங்கு நேர்கிறது என்பதை நமது முன்னோர் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் ஆய்வுகள் நிகழ்த்திய இப்னுல் ஹைதம் தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், கண் நேரடியாக உணர்வது ஒளியையும் நிறத்தையும் மட்டுமே என்றும், ஏனையவற்றை உள்ளம் பழக்கத்தாலும் அனுமானத்தாலும் தீர்மானிக்கிறது என்றும் விளக்கினார். அத்தீர்ப்பு மிக விரைவாக நிகழ்வதால் அதனை நாம் உணர்வதில்லை. அகச்சிவப்புப் படத்தில் கேமரா பொய் சொல்லவில்லை. வெள்ளை என்றால் பனி, அல்லது நோய், என்ற பழக்கமே பொய்த் தீர்ப்பை வழங்குகிறது. அப்பழக்கத்தைத் திருத்த உதவுவதற்கு மாறாக, அதற்குத் தீனி போடும் கலைஞரையே நாம் குறைகூறுகிறோம்.

கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கு உண்மையான நிறம் என்று ஒன்றில்லை; எனவே எந்நிறம் தீட்டினாலும் சரியே என வாதிப்போர் உளர். முற்பாதி உண்மை, பிற்பாதி அதிலிருந்து பெறப்படுவதன்று. 1970இல் பிஷரோட்டி தலைமையிலான இந்திய அறிவியலாளர்கள் கேரளத் தென்னந்தோப்புகளை வானிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் ஃபிலிமில் பதிவு செய்து, வேர்வாடல் நோயுற்ற மரங்களைப் பிரித்தறிய முயன்றனர். 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோளும் அகச்சிவப்பைப் பதிவு செய்தது. இத்தகைய வழக்கமான கோள்படங்களில் அகச்சிவப்பு சிவப்பாகவும், சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும் காட்டப்படுவதால் விளைந்த வயல்கள் செந்நிறமாகத் தெரிகின்றன. இதுவும் கற்பித்த நிறமே. ஆனால் கற்பனையின் விதி அறிவிக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் அதனைக் கொண்டு படத்தைப் படிக்க முடிகிறது.

கலையிலும் இதற்குச் சான்றுண்டு. அயர்லாந்தின் ரிச்சர்ட் மோஸ், உற்பத்தி நின்றுபோன கோடாக் ஏரோகுரோம் ஃபிலிமில் கிழக்குக் காங்கோவின் போர் நிலத்தை இளஞ்சிவப்பாகப் பதிவு செய்து, 2013 வெனிஸ் கண்காட்சியில் வைத்தார். துயரத்தை அழகாக்கிவிட்டார் என்ற கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் மறைந்திருக்கும் படைகளைக் கண்டறிய உதவிய ஃபிலிமைக் கொண்டு, உலகம் காண மறுத்த போரைக் காட்டியதால் அந்நிறத்திற்கு ஒரு காரணம் இருந்தது. நமது வயல்களின் மீது மென்பொருள் பூசும் பொன்னிறத்திற்கும் ஊதாவுக்கும் அத்தகைய காரணத்தை நாம் காணவில்லை.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. சாம்பல் படிநிலைகளைக் காப்பாற்றித் திருத்துக. எந்த வடிகட்டி, என்ன நிறமாற்றம் என்பதைப் படத்தின் கீழ் ஒரு வரியில் குறிப்பிடுக. இயன்றால் அதே இடத்தின் சாதாரணப் படத்தையும் அருகில் வைக்க. வைக்கோலும் ஓரளவு அகச்சிவப்பைத் திருப்புவதால், தனிப்படம் ஒன்றைக் கொண்டு பயிரின் நலத்தை உறுதியாகக் கூற இயலாது. அறிவியலாளரும் சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டே கணிக்கின்றனர். கலைஞரும் அவ்வொப்பீட்டுக்கு இடமளிக்கலாம்.

ஒரு தென்னை வாடலுக்கே தஞ்சாவூர் வாடல் எனப் பெயர் வழங்கும் மாவட்டம் இது. மேட்டூர் நீர் எப்போது வரும், கடைமடை வரை எட்டுமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் நிலம் இது. எங்கே நீர் நிற்கிறது, எங்கே பயிர் உயிரோடிருக்கிறது என்பதை வெறுங்கண்ணினும் தெளிவாகப் பிரித்துக் காட்டவல்ல ஒரு கருவி நம் கையில் இருக்கிறது. அதனைக் கொண்டு இல்லாத பனியைப் பெய்வித்துக் கொண்டிருப்பது அக்கருவிக்கும் இந்நிலத்திற்கும் நாம் செய்யும் குறைவாகும்.