கிறீனின் நூற்பட்டியலும் மேற்கோட் கணக்கும்

மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் தகுதியை மதிப்பிடும்போது அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையையும், அவை பிறரால் மேற்கோளாக எடுத்தாளப்பட்ட தடவைகளின் தொகையையும் முதலில் வினவுவது இன்று உலகெங்கும் வழக்காகிவிட்டது. பல்கலைக்கழக நியமனங்களும் பதவியுயர்வுகளும் நிதியுதவிகளும் பெரும்பாலும் இவ்விரு எண்களைச் சுற்றியே அமைகின்றன. இவ்வளவுகோலை மானிப்பாயில் வாழ்ந்து பணிபுரிந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 - 1884) மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை வேடிக்கையாகக் கொள்ளற்க. அளவுகோலின் குறைபாட்டை மாத்திரமன்றி, அளக்கப்படுபவரைப் பற்றி நாம் இதுகாறும் எழுதிவந்தவற்றின் குறைபாட்டையும் இம்முயற்சி வெளிப்படுத்தும் என்பது எமது கருத்து.

அளவுகோலின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1927இல் குறோஸ் என்னும் பெயர் கொண்ட இருவர், கல்லூரி நூலகமொன்று எந்த இரசாயனவியற் சஞ்சிகைகளை வாங்குவது பயனுடையது என்று தீர்மானிப்பதற்காக மேற்கோள்களை எண்ணிப் பார்த்தனர். 1955இல் யூஜின் கார்பீல்ட் மேற்கோட் சுட்டி ஒன்றின் தேவையை வற்புறுத்தினார். அவரது விஞ்ஞான மேற்கோட் சுட்டி 1964இல் 613 சஞ்சிகைகளை ஆதாரமாகக் கொண்டு வெளிவந்தது. சஞ்சிகைகளின் தாக்கக் காரணியைத் தரும் அறிக்கை 1975இலும், தனி ஆய்வாளரை ஒற்றை எண்ணாற் குறிக்கும் ஹேர்ஷின் எச் சுட்டெண் 2005இலும் தோன்றின. நூலகர் சந்தா கட்டுவதற்குத் துணையாகப் பிறந்த கருவி மனிதரை நிறுக்கும் தராசாக மாறிய கதை இதுவேயாகும். தொடக்கக்காலச் சுட்டியில் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் முதலாவது ஆசிரியர் பெயரிலேயே நிரற்படுத்தப்பட்டிருந்தன என்பதையும் இங்கு குறித்துக்கொள்வோம். கிறீனிடம் வரும்போது இது முக்கியத்துவம் பெறும்.

மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரிற் பிறந்து நியூயோர்க்கில் வைத்தியம் பயின்ற கிறீன், அமெரிக்க மிசனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்திய வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். இடையிற் சில ஆண்டுகள் தாயகம் சென்று 1862இல் திரும்பி, 1873 வரை இங்கு பணியாற்றினார். அவரது நூற்பட்டியல் வியப்பூட்டுவது. மோன்செலின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. துரூயிற்றின் அறுவைச் சிகிச்சை நூல் இரண வைத்தியம் என்ற பெயரில் 1867இல் வெளியாயிற்று. கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் வழிவந்த மனுஷ அங்காதிபாதமும், ஹூப்பரின் நூலைத் தழுவிய வைத்தியாகரமும் 1872இல் அச்சேறின. பவுண்ஸின் இரசாயன நூல் 1875இல் கெமிஸ்தம் ஆயிற்று. டால்ரனின் உடற்றொழிலியல் நூல் 1883இல் மனுஷ சுகரணமாக வெளிவந்தது; கிறீன் இறப்பதற்கு ஓராண்டு முன்னர் இது நிகழ்ந்தது. இவற்றுடன் கலைச்சொற் பட்டியல்களையும் சேர்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேற்படும். யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய பின்னரும் வூஸ்ரரிலிருந்தவாறே கையெழுத்துப் படிகளைத் திருத்தியவர் அவர்.

இப்பட்டியலில் எத்தனையை அவருடைய வெளியீடு எனக் கணக்கிடுவது? இன்றைய நெறிப்படி, ஒன்றையும் கணக்கிட முடியாது. மொழிபெயர்ப்பு ஆய்வாகக் கொள்ளப்படுவதில்லை. மூலநூலாசிரியர் பெயரே சுட்டியில் ஏறும். கிறேயும் துரூயிற்றும் தாம் அறியாத மொழியிற் பெற்ற வாசகர்களுக்காகப் புகழ்பெறுவர்; கிறீன் மறைந்துபோவார். அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. கிறீனின் பெயர் முகப்பில் நிற்கும் இந்நூல்களை ஆக்கியதிற் பெரும்பங்கு அவரது மாணவர்களுடையது. டான்போர்த், சாப்மன், சுவாமிநாதன் முதலானோர் மொழிபெயர்க்க, கிறீன் ஒப்புநோக்கித் திருத்திச் சொற்களை ஒழுங்குபடுத்தினார். முதலாவது பெயரையே எண்ணும் சுட்டி கிறீனுக்கு இழைக்கும் அநீதியையே, கிறீனைப் போற்றும் எமது கட்டுரைகள் இம்மாணவர்களுக்கு இழைத்துவந்துள்ளன. எபனேசர் கட்லர் தொகுத்த வாழ்க்கை வரலாறும் கடிதங்களும் (1891) மிசனரியை நாயகனாகக் கொண்டமை இயல்பே. கவிஞர் அம்பி 1967இல் எழுதிய கிறீனின் அடிச்சுவடு தமிழரிடையே இவ்விடயத்தை மீண்டும் உயிர்ப்பித்த அரிய முயற்சி. அதன்பின் வந்த பலர் அம்பி சொன்னதையே திருப்பிச் சொல்லி அமைந்தனர். யாழ்ப்பாணத்துத் தமிழ் இளைஞர் சிலர் கூடி நவீன வைத்தியத்துக்கு ஓர் உரைநடையை ஆக்கிய கூட்டுழைப்பாக இதனை நோக்கியவர் குறைவு. இவ்வுழைப்பு வெற்றிடத்திலும் நிகழவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை வளர்த்த மொழிப் பயிற்சியும், 1862இல் வெளிவந்த வின்சிலோவின் பேரகராதிக்கு யாழ்ப்பாணத்திலே நடைபெற்ற சொற்றொகுப்பு வேலைகளும் அதற்கு நிலம் பண்படுத்தியிருந்தன.

சொற்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். அங்காதிபாதம் என்னும் பெயர் தமிழ்ப் புலவர்க்குப் பழக்கமான கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் வருணனை மரபை நினைவூட்டுவது. தெய்வத்தையும் தலைவியையும் முடி முதல் அடி வரை பாடிய மரபின் ஓசை, பிணத்தைக் கீறி எலும்பையும் நரம்பையும் நிரல்பட விளக்கும் நூலின் தலைப்பிலே கேட்கிறது. இரணம் பேச்சுவழக்கில் உள்ள சொல். வைத்தியாகரம் வடமொழிப் புணர்ப்பு. கெமிஸ்தம் ஆங்கில ஒலியைத் தமிழ் ஈறு தந்து அணைத்துக்கொண்டது. தமிழிற் சொல் உளதாயின் அதனையும், இன்றேல் வடசொல்லையும், அதுவும் பொருந்தாவிடத்து ஐரோப்பியச் சொல்லைத் தமிழுருவிலும் கொள்வது கிறீன் குழுவினரின் நெறி. தனித்தமிழ்வாதமோ ஆங்கில மோகமோ இதில் இல்லை. கற்கும் மாணவனின் வசதியே அளவாக இருந்தது. எனினும் இப்பெயர்களுள் எது இன்று வழங்குகிறது? சுகரணம் உடற்றொழிலியல் ஆயிற்று. கெமிஸ்தம் இரசாயனவியல் ஆயிற்று. அங்காதிபாதத்தை மருத்துவபீட மாணவர் கேள்விப்பட்டும் இரார். மேற்கோட் கணக்கை விட்டுச் சொல்லாட்சியைக் கணக்கெடுத்தாலும் முடிவு கிறீனுக்குச் சாதகமாக அமையும் என்று முன்கூட்டியே கூறுவதற்கில்லை.

இவ்விடத்திற் போற்றுதலைச் சற்று நிறுத்திவைத்து வினா எழுப்புதல் வேண்டும். இரண வைத்தியம் வெளிவந்த அதே 1867இலே தான் ஜோசப் லிஸ்ரர் நச்சரி தடுக்கும் அறுவை முறை பற்றிய தமது கட்டுரைகளை லண்டனில் வெளியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் அறுவைச் சிகிச்சையின் அடிப்படையே மாறிற்று. யாழ்ப்பாணத்தைப் பலமுறை வாட்டிய வாந்திபேதியின் கிருமியை றொபேட் கொக் இனங்கண்டது 1883 - 84இல். மனுஷ சுகரணம் வெளிவந்து ஓராண்டுக்குள். பாடநூல் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்க்கப்படும் போதே மூப்படையத் தொடங்குகிறது. அதனை இளமையாக வைத்திருப்பதற்குப் புதிய பதிப்புகளும், சஞ்சிகையும், ஐயம் எழுப்பி மறுத்தெழுதும் வாசகர் கூட்டமும் தேவை. கிறீன் 60க்கு மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றினார். ஆயின் அவர்கள் தமக்குள் தமிழிலே தம் நோயாளரைப் பற்றி எழுதி விவாதிக்கும் களம் உருவாகவில்லை. மேற்கோள் என்பது ஓர் உறவு. ஒருவர் கூற்றை மற்றொருவர் ஏற்றோ மறுத்தோ தொடர்ந்து செல்லும் சமூகம் இருந்தாலன்றி அது பிறவாது. கிறீனின் கணக்கு வெறுமையாக நிற்பதற்குச் சுட்டியின் ஆங்கிலச் சார்பு மாத்திரம் காரணமன்று.

அச்சமூகம் ஏன் உருவாகவில்லை என்பதற்குப் பொருளாதாரம் விடை தருகிறது. ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே செல்வதைக் கண்ட கிறீன், ஊரிலேயே தங்கி ஊராருக்கு வைத்தியம் செய்பவர்களை ஆக்கக் கருதி 1860களில் தமிழ்மூலப் போதனைக்கு மாறினார். அவர் கணிப்புச் சரியே. ஆனால் 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியப் பாடசாலை ஆங்கிலத்தில் ஆரம்பிக்கப்பட்டபோது பதவி, சம்பளம், அந்தஸ்து யாவும் அப்பக்கம் சாய்ந்தன. காலனித்துவ அரசின் சம்பளப் பட்டியலுக்கு முன் 4,000 பக்கம் எம்மாத்திரம்? சுவபாஷைக் கல்வியின் பொருட்டு அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோதும், 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் திறக்கப்பட்டபோதும் அந்நிலை அடிப்படையில் மாறவில்லை. இன்றும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது.

மேற்கோட் கணக்கை முற்றாக ஒதுக்குவோர் பக்கமும் நாம் இல்லை. எதனை எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டால் அது உதவும். மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எனப்படும் ஒலிவர் லோறியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை புரதத்தை அளக்கும் ஒரு முறையைக் கூறுவது. 2014இல் அதன் மேற்கோள்கள் 3 இலட்சத்தைத் தாண்டியிருந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற சுப்பராவ், பிஸ்க் என்பவருடன் 1925இல் வெளியிட்ட பொசுபரசு அளவீட்டு முறையும் இவ்வாறே ஆய்வுகூடங்களிற் கருவியாகப் புழங்கியது. கருவி தந்தவரைக் கணக்கு நன்கு காண்கிறது. அதேவேளை, ஓர் உண்மை பொதுவறிவாகிவிட்டால் அதனைத் தந்தவரின் பெயர் உதிர்ந்துபோகும் என்பதைச் சமூகவியலாளர் மேட்டன் எடுத்துக்காட்டினார். மொழி ஆக்கியவர் கதி அதுவே.

2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் சஞ்சிகையின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடலாகாது என வேண்டிற்று. யாழ்ப்பாணத்திற் பாம்புக்கடி பற்றியோ நீரிழிவு பற்றியோ ஆராயும் ஒருவர் சுட்டியில் உள்ள சஞ்சிகைக்கு ஆங்கிலத்தில் எழுதினாற் புள்ளி பெறுகிறார். அதே முடிவுகளை வடமராட்சி விவசாயி வாசித்தறியும் தமிழில் எழுதினால் அவ்வுழைப்பு ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதப்படுகிறது. இரண்டையும் ஒரே கோவையில் வைத்து மதிப்பிடும் ஏற்பாட்டைக் கோருவது நியாயமே. தமிழ்த்துறையினராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. கிறீன் குழுவினரின் கலைச்சொற் பட்டியல்களையும் திணைக்களத்தின் தொகுதிகளையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் நிலைத்தது, எது உருமாறிற்று, எது வழக்கொழிந்தது, ஏன் என்று சொல்லுக்குச் சொல் ஒப்பிடலாம். நூல் முகப்புகளையும் முன்னுரைகளையும் கொண்டு மொழிபெயர்த்த மாணவர் ஒவ்வொருவரின் பங்கையும் பிரித்தறியலாம். பழைய பதிப்புகளைத் தேடி அலையும் சிரமத்தை 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வருவது ஓரளவு குறைத்துள்ளது. இரண வைத்தியத்தையும் கெமிஸ்தத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம்; நெறியின் இரு முனைகளும் அவற்றில் உள.